கோபத்தோடு வருகிறவருக்கு எப்படிப் பதில் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்திலிருந்து கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை வரைக்கும் உள்ள எங்கள் பகுதிச் சபைகளில் வேதபாட வகுப்பு எடுக்கும்போது, நீதிமொழிகள் 15-ஆம் அதிகாரத்தில் கோபத்தைப் பற்றிய முதல் வசனம் வந்துவிட்டால் அன்றைக்கு வகுப்பு நேரத்துக்கு முடியாது. எல்லோரிடமும் ஒரு வழக்கு இருக்கிறது. கையாலை (எல்லைச் சுவர்) பிரச்சினை, குடும்பப் பங்கு, எல்லைக்கு அந்தப்புறம் கட்டிக்கொடுத்த தங்கச்சி, வளைகுடாவிலிருந்து திரும்பிய அப்பா என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். வகுப்பிலும், வகுப்பு முடிந்து வெளியே நின்று தனியாகவும் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். வசனங்கள் நம் வீடுகளில் வாசிக்கிற பழைய திருப்புதலிலிருந்து.

அந்த வசனம் சரியாக என்ன சொல்கிறது?

"மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும், கடுஞ்சொற்களோ கோபத்தை எழுப்பும்" (நீதிமொழிகள் 15:1). அதே அதிகாரம் 18-ஆம் வசனம்: "கோபக்காரன் சண்டையை எழுப்புகிறான், நீடிய சாந்தமுள்ளவனோ சண்டையை அமர்த்துகிறான்." 25:15 இன்னும் ஒரு படி மேலே போய், "இனிய நாவு எலும்பையும் நொறுக்கும்" என்கிறது.

இந்த வசனங்களை வேதத்தில் வருகிற சண்டைகளோடு சேர்த்துப் படித்தால் எனக்குத் தெரிகிறது இதுதான்: கோபத்தோடு வருகிற மனிதர் ஏதோ ஒன்றைக் கேட்டுத்தான் வருகிறார். மரியாதை, கூலி, பயத்துக்கு ஆறுதல் என்று அது எதுவாகவும் இருக்கலாம். சத்தத்துக்குப் பதில் சொல்லாமல், அவர் கேட்டு வந்ததற்குப் பதில் சொல்லுகிறவர்தான் உக்கிரத்தை மாற்றுகிறார். குரலை மட்டும் தாழ்த்தி வைத்துக்கொண்டு, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் ஒன்றும் மாறாது.

மெதுவாகப் பேசினால் பயந்தவன் என்று நினைத்து இன்னும் ஏறி வரமாட்டார்களா?

ஆண்கள்தான் பெரும்பாலும் இதைக் கேட்கிறார்கள். அவர்களுக்கு நியாயாதிபதிகள் 8-ஆம் அதிகாரத்தின் முதல் மூன்று வசனங்களை வாசித்துக் காட்டுவேன்.

கிதியோன் 300 பேரை வைத்து மீதியானியரை முறியடித்து, தப்பியோடினவர்களைத் துரத்திக்கொண்டிருக்கிறான். அந்த நேரத்தில் எப்பிராயீம் கோத்திரத்தார் வந்து, "யுத்தத்துக்குப் போகும்போது எங்களை ஏன் கூப்பிடவில்லை" என்று பலத்த வாக்குவாதம் பண்ணுகிறார்கள். கையில் வெற்றி இருக்கிற சேனாதிபதி அவன். "ஜெயித்தது நான், கேட்க நீங்கள் யார்" என்று சொல்லியிருக்கலாம். அவன் தன் குடும்பமான அபியேசரை எப்பிராயீமோடு ஒப்பிட்டுச் சொன்னது: "நீங்கள் செய்ததற்கு நான் செய்தது எம்மாத்திரம்? அபியேசரின் திராட்சப்பழத்தின் முழு அறுப்பைப்பார்க்கிலும், எப்பிராயீமின் மீதியான அறுப்பு அதிகம் அல்லவா?" மீதியானியரின் பிரபுக்கள் ஓரேபையும் சேபையும் பிடித்தது நீங்கள்தானே என்றும் சொன்னான். அவர்கள் கோபம் அடங்கிப்போயிற்று.

இதில் பொய் ஒரு சொட்டும் இல்லை. அந்த இரண்டு பிரபுக்களையும் பிடித்தது உண்மையிலேயே எப்பிராயீமர்தான். அவர்களுக்கு வேண்டியிருந்தது மரியாதை. கொடுக்கவேண்டிய மரியாதையைக் கிதியோன் கொடுத்தான். பயந்தவன் செய்கிற காரியமாக இது எனக்குத் தெரியவில்லை. "பலவானைப்பார்க்கிலும் நீடிய சாந்தமுள்ளவன் உத்தமன், பட்டணத்தைப் பிடிக்கிறவனைப்பார்க்கிலும் தன் மனதை அடக்குகிறவன் உத்தமன்" என்று நீதிமொழிகள் 16:32 சொல்வது இப்படிப்பட்டவர்களைப் பற்றித்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இதே கிதியோன் அதே அதிகாரத்தில், அப்பம் தர மறுத்த சுக்கோத்தின் மூப்பர்களை முள்ளுகளால் தண்டிக்கிறான். பெனூவேலின் கோபுரத்தை இடித்து ஊராரைக் கொல்லுகிறான். பலமுள்ளவர்களிடம் சாந்தமும் எளியவர்களிடம் கடுமையும் காட்டுகிற வழக்கம் அன்றைக்கும் இருந்தது. அதிகாரியிடம் பணிவாகப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து கத்துகிறவர்கள் அந்த அதிகாரத்தை மூன்றாம் வசனத்தோடு நிறுத்தாமல் முழுக்க வாசிக்க வேண்டும்.

திருவனந்தபுரம் போனால், தமிழன் என்று கிண்டலாகப் "பாண்டி" என்கிறார்கள். சென்னை போனால் "மலையாளியா?" என்கிறார்கள். இதற்கும் சாந்தமாகத்தான் பதில் சொல்ல வேண்டுமா?

இந்தக் கேள்வியில் இருக்கிற வலியை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். மொழியின் பெயரால் வந்த கோபம் இந்த மண்ணில் உயிர்களைக் குடித்திருக்கிறது. 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும், தமிழ்நாட்டோடு சேரக் கேட்டுப் போராடினவர்கள்மேல் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்தது. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. அன்றைக்கு ஒரே குடும்பம் இரண்டு மாநிலமானது. இன்றைக்கும் எல்லைக்கு அந்தப்புறம் பாறசாலையில் அத்தையும் இந்தப்புறம் குழித்துறையில் மாமாவும் இருக்கிற வீடுகள் ஏராளம்.

வேதத்தில் இதற்கு நேரான ஒரு சம்பவம் உண்டு. கிதியோனிடம் வந்த அதே எப்பிராயீமர் சில தலைமுறை கழித்து கீலேயாத்தாரின் தலைவன் யெப்தாவிடமும் அதே குறையோடு வருகிறார்கள் (நியாயாதிபதிகள் 12). "எங்களைக் கூப்பிடாமல் போனாயே, உன் வீட்டைக் கொளுத்திவிடுவோம்" என்கிறார்கள். யெப்தா தன் பக்க நியாயத்தை அடுக்கினான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது, ஆனால் எதிரே நின்றவர்களின் மனத்தாங்கலுக்கு அதில் பதில் இல்லை. யுத்தம் வந்தது. கீலேயாத்தார் யோர்தானின் துறைகளைப் பிடித்துக்கொண்டு, கடக்க வந்தவனிடமெல்லாம் "ஷிபோலேத் என்று சொல்" என்றார்கள். "சிபோலேத்" என்று சொன்னவன் எப்பிராயீமன். அவனை அங்கேயே வெட்டினார்கள். செத்தவர்கள் 42,000 பேர். ஆற்றின் இரண்டு கரையிலும் இருந்தது ஒரே யாக்கோபின் சந்ததி. ஒரே கோத்திரம், ஒரே குறை, இரண்டு விதமான பதில். முடிவுகள் எவ்வளவு தூரம் விலகிப்போயின என்று பாருங்கள்.

அன்றாடப் பேச்சில் யாராவது கிண்டல் செய்தால் நான் இளைஞர்களுக்குச் சொல்வது: "எங்க வீட்டில ரெண்டு பாஷையும் உண்டு அண்ணே, உங்களுக்கு எது வசதி?" என்று கேளுங்கள். முகத்தில் கடுகடுப்பு இல்லாமல் கேட்டால், பெரும்பாலானவர்கள் அடுத்த நிமிடமே எந்த ஊர், யார் வீடு என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் பேச்சைக் கேலி செய்து ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போக மறுக்கிற அளவுக்கு ஆகிவிட்டால், அது வேறு. பெற்றோர் போய் ஆசிரியரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். அதையும் மெதுவாகச் சொல்லலாம், ஆனால் சொல்லியே ஆகவேண்டும்.

பக்கத்து விளைக்காரர் கையாலையைத் தள்ளித் தள்ளிக் கட்டுகிறார். விட்டுக்கொடுப்பதுதான் சாந்தமா?

விட்டுக்கொடுக்கச் சொல்லுகிறவர்கள் ஆதியாகமம் 26-ஐக் காட்டுவார்கள். கேராரின் பள்ளத்தாக்கில் ஈசாக்கின் வேலைக்காரர் ஒரு துரவு (கிணறு) வெட்டினார்கள். கேராரூர் மேய்ப்பர் "இந்தத் தண்ணீர் எங்களுடையது" என்று சண்டைக்கு வந்தார்கள். அதை விட்டு அடுத்ததை வெட்டினார்கள், அதற்கும் சண்டை. அப்பால் போய் மூன்றாவதை வெட்டியபோது சண்டை வரவில்லை. கொஞ்சநாளில், முன்பு துரத்திவிட்ட அபிமெலேக்கே தேடி வந்து உடன்படிக்கை பண்ணிக்கொண்டான். நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் கேரளத்திலிருந்து வந்த தண்ணீர் 2004-லிருந்து நின்றுபோன விளவங்கோட்டு விவசாயிகளுக்கு, தண்ணீருக்காக வருகிற மனவருத்தம் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் ஈசாக்கின் பொறுமை அவர்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஆனால் ஈசாக்கு ஆடுமாடும் திரளான பணிவிடைக்காரரும் உள்ளவன். மூன்றாவது துரவு வெட்ட அவனுக்கு ஆளும் இடமும் இருந்தன. மூன்று சென்ட் நிலமும் அதில் ஒரு வீடும் மட்டுமே உள்ளவரிடம் போய் "ஈசாக்கைப் போல விட்டுக்கொடுங்கள்" என்று பிரசங்கம் செய்ய எனக்கு வாய் வராது. "பிதாக்கள் நாட்டின பூர்வ எல்லைக்குறியை மாற்றாதே" என்று சொல்வதும் அதே நீதிமொழிகள்தான் (22:28). எல்லையைத் தள்ளுவதைத் தேவன் அற்பமாக எண்ணவில்லை.

ஆகவே தாலுகா ஆபீசில் பணம் கட்டி, சர்வேயரை வரவழைத்து அளந்து கல் போடுங்கள். அதில் ஒரு சாந்தக் குறைவும் இல்லை. சாந்தம் வேண்டியது அதற்கு முந்தின நாள். பக்கத்து வீட்டுக்குப் போய், "அண்ணே, நாளைக்கு அளக்க வாறாங்க. நீங்களும் உங்க பத்திரத்தை எடுத்துக்கிட்டு நில்லுங்க. எனக்குக் கூடுதலா ஒரு இஞ்சு வந்தாலும் நான் விட்டுத்தாறேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் சங்கிலியோடு போய் நிற்கிற இடத்தில்தான் அரிவாள் தூக்குகிறார்கள். "சண்டையின் ஆரம்பம் மதகைத் திறந்துவிடுகிறதுபோலிருக்கும்" (17:14). வாய்க்கால் பாசனம் தெரிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

நான் சிறிய அண்டி ஆபீஸ் (முந்திரிப் பருப்பு ஆலை) நடத்துகிறேன். கூலி விஷயமாகப் பெண்கள் கூட்டமாகக் கோபத்தோடு வந்தால் எப்படிப் பேசுவது?

சாலொமோனின் மகன் ரெகொபெயாம் ராஜாவைப் போலப் பேசாதீர்கள். 1 இராஜாக்கள் 12-இல் ஜனங்கள் வந்து "உம்முடைய தகப்பன் வைத்த பாரமான நுகத்தை லகுவாக்கும், உம்மைச் சேவிப்போம்" என்றார்கள். அவன் மூன்று நாள் தவணை கேட்டது நல்ல காரியம். முதியவர்கள் "அவர்களுக்கு நல்வார்த்தைகளைச் சொல்லும்" என்றார்கள். அவனோடு வளர்ந்த வாலிபர்களோ கடுமையாகப் பேசச் சொன்னார்கள். கடைசியில் அவன் சொன்னது, "என் தகப்பன் உங்களைச் சவுக்குகளினாலே தண்டித்தார், நான் உங்களைத் தேள்களினாலே தண்டிப்பேன்" என்பதுதான். ஒரே நாளில் பத்துக் கோத்திரம் போயிற்று.

ஜனங்கள் கேட்டது நல்வார்த்தையை மட்டும் அல்ல என்பதையும் கவனியுங்கள். நுகம் லகுவாக வேண்டும் என்று கேட்டார்கள். நீங்களும் இனிக்க இனிக்கப் பேசிவிட்டுக் கூலியைப் பழையபடியே வைத்தால், அடுத்த மாதம் அவர்கள் இன்னும் கோபத்தோடு வருவார்கள், வருவது நியாயமும்கூட. கணக்கை எடுத்து அவர்கள் முன்னால் வையுங்கள். கொடுக்க முடிந்ததையும் முடியாததையும் சொல்லுங்கள். முடியாததை எப்போது முடியும் என்று தேதி சொல்லுங்கள். அவர்களில் மூத்தவரை "அக்கா" என்று கூப்பிட்டு, உட்காரவைத்துப் பேசுங்கள்.

வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்து கத்துகிறார், சில நாள் கையையும் நீட்டுகிறார். நான் மெதுவாகப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தால் மாறுவாரா?

சகோதரி, அடிக்கிற கைக்கு முன்னால் நின்று மெதுவாகப் பேசும்படி வேதம் உங்களிடம் கேட்கவில்லை. சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகினான். ஈட்டி சுவரில் பாய்ந்தது. அவன் அன்று இரவே தப்பி ஓடினான் (1 சாமுவேல் 19:10). தாவீதை ஒருவரும் அதற்காகக் குறை சொல்லவில்லை. "விவேகி ஆபத்தைக் கண்டு மறைந்துகொள்ளுகிறான்" (நீதிமொழிகள் 22:3). பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005-இல் வந்த சட்டம் இருக்கிறது. இதெல்லாம் உங்கள் விசுவாசத்துக்கு விரோதம் என்று யாராவது, அது போதகரே ஆனாலும், சொன்னால் நம்பாதீர்கள்.

கை நீட்டாத, வாய்ச்சத்தம் மட்டும் உள்ள வீடுகளுக்கு அபிகாயிலின் கதை இருக்கிறது. 1 சாமுவேல் 25 முழுவதையும் ஒரு தடவை வாசியுங்கள். அவள் புருஷன் நாபாலுக்கு 3,000 ஆடும் 1,000 வெள்ளாடும் உண்டு. அவனுடைய மேய்ப்பரையும் மந்தையையும் தாவீதின் ஆட்கள் வனாந்தரத்தில் காத்துவந்தார்கள். ஆடுகளுக்கு மயிர் கத்தரிக்கிற நல்ல நாளில் அவர்கள் உணவு கேட்டபோது, நாபால் "தாவீது என்பவன் யார்?" என்று அவமானப்படுத்தி அனுப்பினான். தாவீது 400 பேரோடு பட்டயம் கட்டிப் புறப்பட்டான். அபிகாயில் என்ன செய்தாள்? 200 அப்பம், சமைத்த ஐந்து ஆடு, வறுத்த பயறு, திராட்ச வற்றல், அத்திப்பழ அடைகள் எல்லாவற்றையும் கழுதைகள்மேல் ஏற்றி முன்னே அனுப்பிவிட்டுப் பின்னே போனாள். கோபத்தோடு வருகிற மனிதன் பசியோடும் வருகிறான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தாவீதின் முன் விழுந்து அவள் பேசிய பேச்சு வேதத்தில் ஒரு பெண் பேசிய நீண்ட பேச்சுகளில் ஒன்று. அவள் அதில் நாபால் செய்தது சரி என்று சொல்லவே இல்லை. தாவீது செய்யப்போகிறது சரியில்லை என்றும் சொன்னாள்: நாளைக்கு ராஜாவாகும்போது, வீணாய் இரத்தம் சிந்தின உறுத்தல் உமக்கு இருக்க வேண்டாம் என்றாள். பட்டயம் கட்டின 400 பேர் முன்னால் இவ்வளவு உண்மையைச் சொல்லிவிட்டு அவள் உயிரோடு திரும்பினாள். தாவீது அவள் யோசனைக்காகக் கர்த்தரைத் துதித்தான்.

வீட்டுக்கு வந்தபோது நாபால் குடித்து வெறித்திருந்தான். "பொழுதுவிடியுமட்டும் சிறிய காரியமானாலும் பெரிய காரியமானாலும்" அவள் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் போதை தெளிந்தபிறகுதான் சொன்னாள். குடித்திருக்கிறவரிடம் இரவில் கணக்குக் கேட்காதீர்கள், நியாயம் பேசாதீர்கள். காலையில் பேசுங்கள். ஆனால் காலையில் பேசாமலும் விடாதீர்கள்.

அப்பா 15 வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்திருக்கிறார். எதற்கெடுத்தாலும் கோபம். நாங்களும் திருப்பிப் பேசிவிடுகிறோம்.

பிள்ளைகள் கேட்ட கேள்வி இது. முதலில் அப்பாமாருக்கு: "பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்…" என்றுதான் எபேசியர் 6:4 தொடங்குகிறது. நீங்கள் விட்டுப்போன பிள்ளைக்கு ஐந்து வயது. திரும்பி வந்தபோது இருபது. இடையில் வீட்டுக்கு ஒரு ஒழுங்கு உண்டாகிவிட்டது. அதை ஒரு வாரத்தில் மாற்ற நினைக்க வேண்டாம்.

மக்களே, உங்களுக்கு: அவர் கேட்பது டிவி சத்தத்தைக் குறைப்பதற்காகவோ சாப்பாட்டு நேரத்துக்காகவோ மட்டும் அல்ல. இந்த வீட்டில் தனக்கு இன்னும் இடம் இருக்கிறதா என்று கேட்கிறார். அவர் அனுப்பிய பணத்தில் கட்டிய வீட்டில், எந்தச் சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று அவருக்குத் தெரியவில்லை. அடுத்த தடவை அவர் சத்தம் போடும்போது, "அப்பா, நீங்க சொல்லுங்க, எப்பிடி வைக்கணும்?" என்று ஒரு காரியத்திலாவது கேட்டுச் செய்யுங்கள். அவர் அங்கே கேம்ப் அறையில் எத்தனை பேரோடு படுத்தார், என்ன சமைத்தார் என்று ஒருநாள் சாவகாசமாகக் கேளுங்கள். அநேக வீடுகளில் இதை யாரும் கேட்டதே இல்லை.

வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் சண்டை வந்தால்?

குழுவில் பதில் எழுதாதீர்கள். அந்த நபரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். "நீயும் அவனும் தனித்திருக்கையில் அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து" என்று மத்தேயு 18:15-இல் ஆண்டவர் சொன்னது இதற்கும் பொருந்தும். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது தோற்றுப்போக யாருக்கும் மனம் வராது.

நான் பதிலே சொல்லாமல் வாயை மூடிக்கொள்வேன். அது நல்லதுதானே?

சில நேரம் நல்லது. ஆனால் 2 சாமுவேல் 13:22-ஐப் பாருங்கள். அப்சலோமின் தங்கை தாமாரை, தாவீதின் இன்னொரு மகனான அம்னோன் கெடுத்தபிறகு, "அப்சலோம் அம்னோனோடே நன்மையாகிலும் தின்மையாகிலும் பேசவில்லை". வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு எவ்வளவு பொறுமைசாலி என்று தோன்றியிருக்கும். இரண்டு வருஷம் கழித்து, ஆடுகளுக்கு மயிர் கத்தரிக்கிற விருந்தில் வைத்து அம்னோனைக் கொன்றான். தாவீது ராஜாவுக்கும் எல்லாம் தெரியும். வெகு கோபமாயிருந்தான் என்று மட்டும் இருக்கிறது, மகனைக் கண்டித்ததாக இல்லை. அந்த வீட்டில் அன்றைக்கு யாராவது தாமாருக்காக வாய்திறந்து பேசியிருந்தால், அந்தக் குடும்பத்தின் கதையே வேறாகியிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

"நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள், சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" (எபேசியர் 4:26). வாயை மூடி வருஷக்கணக்கில் மனதில் வைத்திருப்பதை இந்த வசனம் அனுமதிக்கவில்லை.

இயேசுவே கோபப்பட்டாரே? தேவாலயத்தில் காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்தாரே?

கவிழ்த்தார். மாற்கு 3:5-இல், சூம்பின கையுள்ள மனிதனைக் குணமாக்கக்கூடாது என்று நின்றவர்களைக் கோபத்தோடு பார்த்தார். இரண்டு இடத்திலும் தனக்காகக் கோபப்படவில்லை. எளியவர்கள் ஏமாற்றப்படும்போதும், நோயாளி ஒதுக்கப்படும்போதும் கோபப்பட்டார். தன்னை அடித்தபோது என்ன செய்தார் என்பது யோவான் 18-இல் இருக்கிறது. பிரதான ஆசாரியன் விசாரிக்கிறபோது ஒரு சேவகன் கன்னத்தில் அறைந்தான். அவர் திரும்ப அடிக்கவில்லை. பேசாமலும் இருக்கவில்லை. "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். கட்டப்பட்ட கைகளோடு நின்று அடித்தவனிடம் நியாயம் கேட்கிற அந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை முறை வாசித்தாலும் கடந்துபோக முடிவதில்லை. அப்போஸ்தலர் 23-இல் பவுலையும் வாயில் அடிக்கச் சொன்னார்கள். அவர் "வெள்ளையடிக்கப்பட்ட சுவரே" என்று வெடித்துவிட்டு, பேசினது பிரதான ஆசாரியனிடம் என்று தெரிந்ததும் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பவுலுக்கே வந்திருக்கிறது என்றால், நமக்கு வருவதில் அதிசயமில்லை.

கோபம் தலைக்கேறின நேரத்தில் இதெல்லாம் நினைவுக்கு வருவதே இல்லையே?

வராது. அதனால் நெகேமியா செய்த ஒன்றை மட்டும் பழகிக்கொள்ளுங்கள். ஏழைகளின் வயலையும் பிள்ளைகளையும் கடனுக்கு ஈடாகப் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று கேட்டபோது அவர் "மிகவும் கோபங்கொண்டு", அதன்பின் மனதில் ஆலோசனைபண்ணி, அதற்கும் பின்புதான் பெரியமனிதர்களைக் கடிந்துகொண்டார் (நெகேமியா 5:6,7). கோபத்துக்கும் பேச்சுக்கும் நடுவே கொஞ்சநேரத்தைப் போட்டார். பலன் கிடைத்தது, வட்டிக்காரர்கள் வயல்களைத் திரும்பக் கொடுத்தார்கள். நமக்கு அந்த இடைவெளி ஒரு சாயா குடிக்கிற நேரமாக இருக்கலாம். முற்றத்துக்குப் போய்விட்டு வருவதாக இருக்கலாம். "இப்ப எனக்குப் பேச்சு சரியா வராது, சாயங்காலம் நானே வாறேன்" என்று சொல்லிப் போங்கள். சொல்லாமல் போனால் அதுவே அடுத்த சண்டைக்குக் காரணமாகும். சொன்னபடி சாயங்காலம் போகாவிட்டாலும் அப்படியே.

முதல் வார்த்தையாக எதைச் சொல்லலாம்? எதைச் சொல்லக்கூடாது?

"சும்மா கத்தாதீங்க", "சமாதானமாப் பேசுங்க" என்று தொடங்காதீர்கள். கோபத்தில் உள்ளவர் காதில் அது "உன் குறை ஒரு குறையே இல்லை" என்று விழும். "நான் ஒண்ணும் செய்யல்லையே" என்பதும் உண்மையாகவே இருந்தாலும் முதல் வார்த்தையாக வேண்டாம். "உங்களுக்குச் சங்கடம் வந்திருக்கு, எனக்கு மனசிலாகுது. என்ன நடந்ததுன்னு முதல்ல இருந்து சொல்லுங்க" என்பது பெரும்பாலும் வேலை செய்யும். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். யாக்கோபு 1:19 கேட்பதை முதலிலும் பேசுவதை அதற்குப் பின்னும் வைத்திருக்கிறது. வயதில் மூத்தவர் கோபமாக வந்தால் எழுந்து நில்லுங்கள், இருக்கை கொடுங்கள். நம் ஊரில் பாதிக் கோபம் அதிலேயே இறங்கிவிடும்.

சபைக் கமிட்டியிலேயே தொண்டை கிழியச் சண்டை. அங்கே என்ன செய்வது?

"உங்கள் சாந்தகுணம் எல்லா மனுஷருக்கும் தெரிந்திருப்பதாக" என்ற பிலிப்பியர் 4:5-ஐ நாம் காலண்டரில் அச்சடித்துத் தொங்கவிடுகிறோம். அதற்கு மூன்று வசனம் முன்னால் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களைப் பவுல் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரே சிந்தையாயிருக்கும்படி கெஞ்சுகிறார். இருவரும் சுவிசேஷத்துக்காகக் கூடப் பாடுபட்டவர்கள். அவர்களுக்கு உதவிசெய்யும்படி இன்னொருவரையும் கேட்டுக்கொள்கிறார். ஆகவே சபையில் இரண்டு பேர் மோதும்போது மற்றவர்கள் அணி சேராமல், இருவருக்கும் வேண்டிய ஒருவர் நடுவே போக வேண்டும். "கோள்சொல்லுகிறவனில்லாமல் சண்டை அடங்கும்" (நீதிமொழிகள் 26:20) என்பதையும் ஆராதனை முடிந்து வாசலில் நின்று பேசுகிற நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் கிறிஸ்தவர் இல்லை. இந்த வசனங்களை அவரிடம் எப்படிச் சொல்வது?

சொல்ல வேண்டியதில்லை, நடந்து காட்டினால் போதும். தவிர, "செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான்" என்று வள்ளுவர் சொன்னதை அவர் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பார். கோபம் செல்லுபடியாகும் இடத்தில் அடக்குகிறவனே அடக்குகிறவன் என்கிற அந்தக் குறள், சுக்கோத்தில் கிதியோன் தவறின இடத்தைச் சரியாகத் தொடுகிறது.

எல்லாம் செய்து பார்த்தும் ஒருவர் மாறவே இல்லை என்றால்?

"கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" (ரோமர் 12:18). உங்களாலானமட்டும் என்றுதான் இருக்கிறது. அதற்குமேல் உள்ளது உங்கள் பொறுப்பில் இல்லை. "கோபக்காரனுக்குத் தோழனாகாதே" (நீதிமொழிகள் 22:24) என்றும் வேதம் சொல்வதால், விலகி இருக்கவும் அனுமதி உண்டு.

அண்ணன் பாறசாலையில் இருக்கிறார். பங்கு பிரித்ததிலிருந்து இருபது வருஷமாகப் பேச்சு இல்லை. எப்படித் தொடங்குவது?

யாக்கோபும் இருபது வருஷம் கழித்துத்தான், தான் ஏமாற்றின அண்ணன் ஏசாவைப் பார்க்கப் போனான். ஏசா 400 பேரோடு எதிரே வருகிறான் என்று கேட்டு மிகவும் பயந்தான். ஆனாலும் திரும்பி ஓடவில்லை. 200 வெள்ளாடு, 200 ஆடு, பாலுள்ள 30 ஒட்டகம், 40 பசு என்று மந்தை மந்தையாக, இடைவிட்டு இடைவிட்டு முன்னே அனுப்பினான். தானும் ஏழுதரம் தரையில் விழுந்து வணங்கிக்கொண்டே போனான். ஏசா ஓடிவந்து கட்டிக்கொண்டான்; இருவரும் அழுதார்கள் (ஆதியாகமம் 33:4). யாக்கோபு அங்கே சேஷ்டபுத்திர பாகத்தை, அதாவது மூத்த மகனுக்குரிய உரிமையைப் பற்றி விவாதிக்கவில்லை. எடுத்துக்கொண்டது போதாதா என்று ஏசாவும் கேட்கவில்லை. பிறகு ஏசா சேயீருக்கும் யாக்கோபு சுக்கோத்துக்குமாக வேறு வேறு வழியில் போனார்கள். சமாதானமானதற்காக ஒரே இடத்தில் குடியிருக்க வேண்டியதாயிருக்கவில்லை. தகப்பனை அடக்கம் செய்யும்போது இரண்டு பேரும் சேர்ந்து நின்றார்கள்.

நீங்கள் தனியாகப் போங்கள், கூட ஆள் வேண்டாம். போகிற நாளைப் பண்டிகையாகவோ கல்யாண அழைப்பாகவோ வைக்காதீர்கள். அப்போது வீடு நிறைய ஆள் இருக்கும், மனம்விட்டுப் பேச முடியாது. மதினிக்கு முதல்நாளே ஒரு போன் செய்து நீங்கள் வருவதைச் சொல்லிவிடுங்கள். போகும்போது உங்கள் விளையில் காய்ச்ச ஒரு வாழைக்குலையோ பிடுங்கின மரச்சீனியோ (மரவள்ளிக்கிழங்கோ) கொண்டுபோங்கள். பத்திரத்தைப் பற்றி முதல்நாள் பேச வேண்டாம். அவர் எடுத்தால், "அதை இன்னொரு நாள் பேசுவோம் அண்ணா, இன்னைக்கு உங்களைப் பாக்கத்தான் வந்தேன்" என்று சொல்லுங்கள். அவர் கதவைத் திறக்காவிட்டால், கொண்டுபோனதைத் திண்ணையில் வைத்துவிட்டு வாருங்கள். அடுத்த மாதம் இன்னொரு முறை போங்கள்.